பனிப் பிளேடு போல வளையும் இன்லைன் ஸ்கேட்டை அமைப்பது எப்படி

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையில், பிசான நெல்லை அவித்துக் காயப்போட்டு முடிந்த பிறகு, அரிசி ஆலைகளின் சிமென்ட் களங்கள் சில வாரங்கள் வெறுமையாகக் கிடக்கும். ஆண்டுக்கணக்காக நெல்லும் காலும் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாகிவிட்ட அந்தத் தளத்தைவிட நல்ல சறுக்குத் தளம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. கனடாவில் ஆறு குளிர்காலம் வேலை பார்த்தபோது பனித்தளத்தில் சறுக்கிப் பழகிவிட்ட நான், ஊர் திரும்பியதும் முதலில் தேடியது அப்படி ஓர் இடத்தைத்தான். தளம் கிடைத்துவிட்டது, ஆனால் கடையில் வாங்கிய, சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் ஸ்கேட், பனிச்சறுக்குக் காலணியின் அடியில் உள்ள பனிப் பிளேடு செய்ததில் பாதியைக்கூடச் செய்யவில்லை. நேராக ஓடு என்றால் ஓடியது. வளை என்றால் முரண்டு பிடித்தது. அந்தக் குறையைச் சரிசெய்ய நான் செய்து பார்த்தவற்றில் நிலைத்து நின்றவற்றை, கையில் ஒரு வெர்னியரும் (நுண்ணளவுக் கருவி) பக்கத்தில் ஒரு லேத் பட்டறையும் உள்ள எவரும் செய்துகொள்ளும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் நகலெடுக்க வேண்டியது பிளேடை அல்ல. பிளேடு பனியைத் தொடும் இடத்தை. அந்த இடத்துக்கு மூன்று குணங்கள் உண்டு. பிளேடின் அடிப்பகுதி தட்டையானதன்று. விரல் நுனியிலிருந்து குதிகால் வரை தொட்டிலின் அடிக்கட்டை போல மெல்ல வளைந்திருக்கும். ஆகவே எந்த நேரத்திலும் அதன் நடுவில் ஒரு சிறு பகுதி மட்டுமே பனியில் படியும். இரண்டாவதாக, காலைச் சாய்த்தால் மெல்லிய ஒரு விளிம்பு மட்டும் பனியைப் பற்றும். மூன்றாவதாக, காலைக் குறுக்காகத் திருப்பி அழுத்தினால் அந்த விளிம்பு பிடியை விட்டுப் பனியைச் சீவிக்கொண்டு நழுவும், அப்படித்தான் நிற்கிறோம். முதல் இரண்டையும் கணக்குப் போட்டே சக்கரத்தில் கொண்டுவந்துவிடலாம். மூன்றாவது குணம் சக்கரத்தின் கையில் மட்டும் இல்லை, தரையின் கையிலும் இருக்கிறது.

இது புதிய ஆசை அன்று. 1760-இல் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் சக்கரம் வைத்த காலணியோடு தோன்றியதிலிருந்து, 1819-இல் பாரிசில் பெதிப்லே காப்புரிமை பெற்ற ஒற்றை வரிசைச் சக்கரம் வரை, எல்லாரும் பனிக்காலம் போன பிறகும் சறுக்க விரும்பியவர்கள்தாம். 1823-இல் லண்டனில் ராபர்ட் ஜான் டையர்ஸ் செய்த ‘வொலிட்டோ’வை நான் மிகவும் மதிக்கிறேன், ஐந்து சக்கரங்களை ஒரே வரிசையில் வைத்து, நடுவில் உள்ளவற்றை ஓரத்தில் உள்ளவற்றைவிடப் பெரிதாக அமைத்துவிட்டார். பனிப் பிளேடின் வளைவைச் சக்கரத்தில் கொண்டுவர அதைவிட எளிய வழி இன்றுவரை இல்லை. 1863-இல் பிளிம்ப்டனின் நான்கு சக்கர ஸ்கேட் வந்ததும் ஒற்றை வரிசை பின்தங்கிப்போனது. 1980-இல் மினியாபொலிசில் ஐஸ் ஹாக்கி ஆடிய ஓல்சன் சகோதரர்கள் கோடையில் பயிற்சி எடுக்க வழி தேடி அதை மீண்டும் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் கடைக்கு வரும் ஸ்கேட்களில் பெரும்பாலானவை நான்கு சக்கரமும் சம உயரத்தில் தரையைத் தொடுபவை. தொடக்கக்காரருக்கு அது பாதுகாப்பு, நம் நோக்கத்துக்கு அதுதான் தடை.

வளைவைக் கணக்கிடுவது

நான்கு சக்கரமும் தரையில் படிந்திருக்கும் ஸ்கேட்டில், முதல் அக்சிலுக்கும் (சக்கரம் சுழலும் அச்சு) கடைசி அக்சிலுக்கும் இடையே பொதுவாக 243 மி.மீ. இருக்கும். அக்சில்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகவே இருப்பதால், அந்த நீளம் முழுவதும் நேராகத்தான் உருள விரும்பும். வளைய வேண்டுமென்றால் முன் சக்கரமும் பின் சக்கரமும் பக்கவாட்டில் தேய வேண்டும். நடு இரண்டு சக்கரங்கள் மட்டும் தரையைத் தொட்டால், தேய வேண்டிய நீளம் 243-இலிருந்து 81 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். சிறுவர்கள் பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும்போது, டயர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாய்ந்த சக்கரத்துக்கு இயல்பாகவே அந்தக் குணம் உண்டு. நீளமான வரிசை அதை அடக்கி வைக்கிறது, குட்டையான வரிசை அவிழ்த்துவிடுகிறது.

எவ்வளவு வளைவு வேண்டும் என்பதை ஊகத்தில் விடக் கூடாது. ஹாக்கி பிளேடின் வளைவு பெரும்பாலும் 9 முதல் 13 அடி வரை ஆரம் உள்ள வட்டத்தின் துண்டு. அதாவது ஏறத்தாழ 2.7 முதல் 4 மீட்டர். நடன ஸ்கேட்டின் (ஃபிகர் ஸ்கேட்) பிளேடு இன்னும் குறுகிய வளைவு, 7 அல்லது 8 அடி. இனி, அக்சில் இடைவெளி சமமாக உள்ள நான்கு சக்கர ஸ்கேட்டுக்கு ஒரு எளிய வாய்பாடு இருக்கிறது: இடைவெளியின் வர்க்கத்தை, நடுச் சக்கரத்துக்கும் ஓரச் சக்கரத்துக்கும் தரையில் உள்ள உயர வேறுபாட்டால் வகுத்தால், வளைவின் ஆரம் கிடைக்கும். இடைவெளி 81 மி.மீ., வேறுபாடு 2 மி.மீ. என்றால், 6561-ஐ 2-ஆல் வகுக்க 3280 மி.மீ. வருகிறது; பத்தே முக்கால் அடி, நல்ல ஹாக்கி பிளேடு. வேறுபாட்டை 3 மி.மீ. ஆக்கினால் 2187 மி.மீ., ஏழு அடிக்குச் சற்று மேல், அதாவது நடனப் பிளேடு. ஒரே ஒரு மில்லிமீட்டரில் ஸ்கேட்டின் சாதியே மாறிவிடுவதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அதனால்தான் வெர்னியர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்கிறேன்.

இந்தக் கணக்கைப் போடாமல் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். வளைவு கூடினால் நல்லதுதானே என்று எண்ணி முதல் முறை 5 மி.மீ. வேறுபாடு வைத்துவிட்டேன். ஆரம் வெறும் 1.3 மீட்டர். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொசைக் தரையில் என் அக்கா மகள் அதைப் போட்டுக்கொண்டு எழுந்தவுடனேயே, “மாமா, பின்னால இழுக்குது” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குதிகால் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டுக் காப்பு போட்டிருந்ததால் அடி படவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாயும்போது 2 மி.மீ. வேறுபாட்டில் பாதம் ஏறத்தாழ ஒன்றரை பாகைதான் சாயும், 5 மி.மீ. என்றால் மூன்றரை பாகை. கணுக்கால் அந்த மூன்றரை பாகையை நின்ற நிலையில் தாங்கப் பழக வேண்டுமென்றால் மாதக்கணக்காகும். 2 மி.மீ.யில் தொடங்குங்கள், ஒரு மாதம் ஓடிய பிறகு 3-க்குப் போகலாம்.

இந்த வேறுபாட்டைக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. செலவு குறைந்தது, சக்கரங்களைத் தாங்கும் சட்டமான ஃபிரேமை இருப்பதையே வைத்துக்கொண்டு நடுவில் 80 மி.மீ. சக்கரம் இரண்டும் ஓரத்தில் 76 மி.மீ. சக்கரம் இரண்டும் போடுவது. விட்டத்தில் 4 மி.மீ. வேறுபாடு, ஆரத்தில் 2 மி.மீ. ஆகும் என்பதை மறந்துவிடாதீர்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். நடன வளைவுக்கு ஓரத்தில் 74 மி.மீ. போட வேண்டும். இரண்டாவது வழி, துளை நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி அமைந்த புஷ்ஷை (அச்சு நுழையும் சிறு வளையம்) போட்டு நடு அக்சில்களைக் கீழே இறக்குவது. சில ஃபிரேம்களில் இதற்கு இடம் விட்டே செய்திருப்பார்கள். மூன்றாவது, ஃபிரேமையே நாம் செய்துகொள்வது.

ஃபிரேம் செய்வது

சொந்தமாகச் செய்வதில் உள்ள பெரிய லாபம் உயரம். பாதம் தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறதோ, சாய்க்கும்போது கணுக்கால் அவ்வளவு பாடுபட வேண்டும். 90, 100 மி.மீ. சக்கரங்கள் சாலையில் வேகத்துக்கு நல்லவை. பிளேடு போன்ற கட்டுப்பாடு வேண்டுமென்றால் அவற்றை விட்டுவிடுங்கள். நான் இப்போது ஓட்டுவது நடுவில் 72, ஓரத்தில் 68 மி.மீ. சக்கரங்கள் கொண்டது. சக்கரம் சிறியதானதால் அக்சில்களை 76 மி.மீ. இடைவெளியில் நெருக்க முடிந்தது. வாய்பாட்டில் போட்டால் 5776-ஐ 2-ஆல் வகுக்க 2.9 மீட்டர் வருகிறது; ஒன்பதரை அடி. களத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் ஓட்டியதில்லை. தார்ச்சாலையில் மட்டும் சிறு கல்லிலும் தட்டும் என்பதால் அதை அங்கே கொண்டுபோவதில்லை.

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் உள்ள பட்டறைகளில் 6 மி.மீ. தடிப்பில் 6061 ரக அலுமினியத் தகடு கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். சமையல் பாத்திரத்துக்கு வரும் மென்மையான அலுமினியம் இதற்கு ஆகாது, வளைந்துவிடும். வரைபடத்தில் அக்சில் துளைகளின் நடுப்புள்ளிகளை ஒரே அடிக்கோட்டிலிருந்து அளந்து குறித்துக் கொடுங்கள். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். சக்கர அளவிலேயே வளைவு வந்துவிடும் என்றால் நான்கு துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்கலாம். நான்கும் ஒரே அளவுச் சக்கரம் என்றால் நடு இரண்டு துளைகளை 2 மி.மீ. கீழே இறக்க வேண்டும்.

நான் முதலில் கொடுத்த பட்டறையில் இடது தகட்டையும் வலது தகட்டையும் தனித்தனியாகத் துளையிட்டுவிட்டார்கள். முன் அக்சிலில் அரை மில்லிமீட்டர் பிசகு. கையில் பிடித்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் தகடுகளுக்கு இடையே 30 மி.மீ. அகலத்தில் அரை மில்லிமீட்டர் என்பது ஒரு பாகைத் திருப்பம். அந்த ஸ்கேட் எப்போதும் இடப்பக்கமே இழுத்தது. இரண்டாவது பட்டறையில் வயதான ஒருவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ரெண்டு பிளேட்டையும் சேத்துக் கட்டி ஒரே துளையாப் போடணும். தனித்தனியாப் போட்டா ஆயுசுக்கும் சேராது.” அவர் சொன்னபடி இரண்டு தகடுகளையும் ஓர இரண்டு மூலைகளில் பின் அடித்து இறுக்கி, ஒரே மூச்சில் துளையிட்ட பிறகு அந்த இழுப்பு அடியோடு போய்விட்டது.

செய்து முடித்த ஃபிரேமைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. சமையல் மேடைக்குப் போடும் மெருகிட்ட கிரானைட் பலகை ஒன்று போதும். சக்கரங்களை மாட்டி, ஃபிரேமை அதன் மேல் நிறுத்தி, நடு இரண்டு சக்கரமும் பலகையில் படிய, முன் சக்கரத்தின் அடியிலும் பின் சக்கரத்தின் அடியிலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) செருகுங்கள். இரண்டு பக்கமும் 2 மி.மீ. இறுக்கமாக நுழைந்தால் சரி. ஒரு பக்கம் 1.8, மறுபக்கம் 2.2 என்றால் ஃபிரேம் முன்னோ பின்னோ சாய்ந்து நிற்கிறது என்று பொருள். அதையும் களத்தில் கால் உடனே உணர்ந்துவிடும்.

பூட்ஸில் பொருத்தும்போது இரண்டு செய்திகள். பல பூட்ஸ்களில் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 165 மி.மீ.; வேக ஸ்கேட்களில் 195 மி.மீ. ஃபிரேம் செய்வதற்கு முன்பே பூட்ஸை அளந்துகொள்ளுங்கள். அடுத்து, ஃபிரேமின் நடுக்கோடு குதிகாலின் மையத்திலிருந்து பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே செல்ல வேண்டும். நடனத்துக்குச் செய்பவர்கள் ஃபிரேமை 5 முதல் 10 மி.மீ. வரை முன்னே தள்ளிப் பொருத்துவது நல்லது, ஏனென்றால் நடனப் பிளேடில் சுழலும் புள்ளி உள்ளங்காலின் நடுவில் அல்ல, விரலடிக்கு அருகில் இருக்கிறது. அவர்களுக்கு முன்பக்கம் ஒரு ரப்பர் முட்டும் வேண்டும். பனிப் பிளேடின் முன்னுள்ள பற்களின் வேலையை அது செய்யும். நான் அதைத் தரையிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் வைத்தேன். அதற்குக் கீழே வைத்தால் வளையும்போதே தட்டிவிடும்.

சக்கரத்தின் முனையும் கடினமும்

ஹாக்கி பிளேடின் தடிப்பு சுமார் 3 மி.மீ., நடனப் பிளேடு சுமார் 4 மி.மீ. அதாவது காலைச் சாய்க்கும்போது பனியைப் பற்றும் விளிம்பு, நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகாது. இன்லைன் சக்கரத்தின் அகலமோ 24 மி.மீ. அதன் விளிம்பு முழு வட்டமாக, 12 மி.மீ. ஆரத்தில் இருந்தால், 30 பாகை சாய்க்கும்போது தரையைத் தொடும் புள்ளி 6 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும். முனை கூராக, 5 மி.மீ. ஆரத்தில் இருந்தால் அது இரண்டரை மில்லிமீட்டர்தான் நகரும். பாதம் இந்த மூன்றரை மில்லிமீட்டர் வேறுபாட்டை மிகத் துல்லியமாக உணர்கிறது: உருண்டைச் சக்கரத்தில் பந்தின் மேல் நிற்பது போலவும், கூர்முனைச் சக்கரத்தில் விளிம்பின் மேல் நிற்பது போலவும் இருக்கும். ஆகவே கூர்முனைதான் நம் தேவை. விரைவில் தேயும் என்ற குறை உண்மை. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கடினத்தை ஷோர் ‘ஏ’ அளவில் சொல்வார்கள். எண் கூடக் கூடச் சக்கரம் கடினம். மண்டபத் தரைக்கு ஹாக்கிக்காரர்கள் 74 முதல் 76 வரையுள்ள மென்மையான சக்கரம் போடுவார்கள்; நன்றாகப் பிடிக்கும். ஆனால் பிடித்துக்கொண்டே இருக்கும் சக்கரத்தில் பனியில் நிற்பது போலக் குறுக்காகத் திருப்பி நிற்க முடியாது, கால்தான் மடங்கும். 85-க்கு அருகில் போனால் சக்கரம் நழுவ ஆரம்பிக்கும். நான் வந்து சேர்ந்த ஏற்பாடு, நடு இரண்டும் 85, ஓர இரண்டும் 80. எடை நடுவில்தான் இருக்கிறது, நழுவ வேண்டியதும் அங்கேதான். உந்தும் கால் தரையை விடும் கடைசி நொடியில் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, பிடி வேண்டியதும் அங்கேதான். சொரசொரப்பான சிமென்ட்டில் 85 கூட நழுவாது. அப்படிப்பட்ட தரையில் குறுக்கு நிறுத்தத்தை முயன்று பார்க்கவே வேண்டாம், வட்டமடித்து வேகத்தைக் குறைத்து நில்லுங்கள்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சக்கரம் செய்யப்படும் யூரித்தேன் சூட்டில் இளகும். சித்திரை வைகாசியில் நண்பகலில் களத்தில் கால் வைக்க முடியாது, சக்கரமும் தன் கடினத்தை இழந்து ஒட்டிக்கொண்டு ஓடும். விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை ஓட்டுவதே சரி. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்று களத்தில் தூசியையும் உமியையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஓட்டும் முன் முழுக் களத்தையும் ஈர்க்குமாறால் கூட்டிவிட வேண்டும். பேரிங் எல்லாம் 608 ரகம்தான், உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ.; இரு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதையே வாங்குங்கள். சற்றுக் கனமாகச் சுழலும், ஆனால் மணல் உள்ளே போகாது.

கோலமாவில் தடம் பார்ப்பது

பனியில் சறுக்குபவர் திரும்பிப் பார்த்தால் தன் பிளேடு கீறிய கோடு தெரியும். தவறை அந்தக் கோடே சொல்லிக்கொடுக்கும். சிமென்ட் தரையில் அந்த வசதி இல்லையே என்று வெகுநாள் வருந்தினேன். பிறகு ஒரு மார்கழிக் காலையில் வாசலில் என் சைக்கிள் சக்கரம் கோலத்தைக் குறுக்கே கடந்து இழுத்துப்போன கோட்டைப் பார்த்துத்தான் வழி புரிந்தது. பச்சரிசி மாவை மெல்லிய துணியில் கட்டி, தரை லேசாக வெளுக்கும் அளவுக்குத் தட்டித் தூவுங்கள். கல்மாவு வேண்டாம், அது சக்கரத்தை அறுக்கும். கனமாகத் தூவினால் வழுக்கும் என்பதால், விரலால் தொட்டால் மட்டும் ஒட்டுகிற அளவு போதும். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

ஒரு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையில் சுண்ணாம்புக்கட்டி கட்டி, உங்கள் உயரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விட்டத்தில் ஒன்றையொன்று தொடும் இரண்டு வட்டங்கள் போடுங்கள். ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளில் 1990 வரை கட்டாய உருவங்கள் என்ற பிரிவு இருந்தபோது, எட்டு உருவத்துக்கு வைத்த அளவு இதுதான். ஒற்றைக் காலில், உள்விளிம்பில் ஒரு வட்டம், வெளிவிளிம்பில் ஒரு வட்டம் ஓடிவிட்டு, இறங்கி மண்டியிட்டு மாவில் பதிந்த தடத்தைப் பாருங்கள். தடம் மெல்லிய ஒரே கோடாக இருந்தால் நடுச் சக்கரங்கள் மட்டும் உருண்டிருக்கின்றன; வளைவு வேலை செய்கிறது. கோடு அகன்று, ஓரங்களில் மாவு வழித்துத் தள்ளப்பட்டிருந்தால் ஓரச் சக்கரமும் தரையில் தேய்ந்திருக்கிறது. உங்கள் எடை முன்னோ பின்னோ போயிருக்கலாம், அல்லது உயர வேறுபாடு போதவில்லை. இரண்டு கால்களிலும் ஒரே பக்கம் தடம் அகன்றால் எடையைத் திருத்துங்கள், ஒரு காலில் மட்டும் அகன்றால் அந்த ஃபிரேமைக் கழற்றிக் கிரானைட் பலகைக்குக் கொண்டுபோங்கள்.

தேய்மானத்தை மாதம் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். நடுச் சக்கரங்கள்தாம் எடை சுமப்பதால் அவையே முதலில் தேயும். விட்டத்தில் 1 மி.மீ. தேய்ந்தால் உயர வேறுபாடு அரை மில்லிமீட்டர் குறைந்து, 81 மி.மீ. இடைவெளியுள்ள ஸ்கேட்டின் ஆரம் 3.3 மீட்டரிலிருந்து 4.4 மீட்டருக்குப் போய்விடும். நேற்றுவரை சொன்னபடி கேட்ட ஸ்கேட் இன்று ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சாதாரண ஸ்கேட்டில் முதல் சக்கரத்தையும் மூன்றாவதையும் இடம் மாற்றுவது வழக்கம். இதில் அப்படிச் செய்யக் கூடாது. நடுச் சக்கரத்தை மற்றக் காலின் நடுவுக்கு, உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி மாற்றுங்கள். 80 மி.மீ. சக்கரம் தேய்ந்து 76-ஐ எட்டும்போது அதை எறிய வேண்டியதில்லை; ஓரத்தில் போட்டுவிட்டு, நடுவுக்குப் புதிதாக இரண்டு வாங்கினால் போதும்.